கேள்வி நேரம்: வேட்டையாடி வாழ்ந்தோரின் இடங்களை லேசரால் அளப்பது எப்படி?

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் உள்ள குவார் கெப்பா கிளிஞ்சல் மேட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். சிப்பி பொறுக்கியும் மீன் பிடித்தும் விலங்குகளை வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் தின்று போட்ட ஓடுகள் குவிந்து உயர்ந்த இடம் அது. இப்படிப்பட்ட இடங்களை லேசர் ஸ்கேன் செய்து கண்டுபிடிக்க முடியுமா, அளக்க முடியுமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்தன. செய்முறை பற்றிக் கேட்டவற்றுக்கு இம்முறை முன்னிடம்.

கம்போடியக் காட்டுக்குள் மறைந்திருந்த அங்கோர் காலத்து நகரங்களை விமானத்திலிருந்து லேசர் அடித்துக் கண்டுபிடித்தார்கள். அதே முறையில் கற்கால மனிதர்களின் முகாம்களை ஏன் கண்டுபிடிப்பதில்லை?
— வாசகி, ஈசூன்

கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் எல்லா வகை முகாமையும் அல்ல. அங்கோரில் 2012லும் 2015லும் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த அளவீட்டில் தெரிந்தவை கால்வாய், சாலை, குளக்கரை, வீட்டு மேடு ஆகியவை. நேர்கோட்டில் ஓடும் பெரிய மண்வேலை எந்தக் கண்ணுக்கும் சட்டெனப் படும். நான்கு நாள் தங்கி, மான் சுட்டுத் தின்று, கல்லுடைத்துவிட்டுப் போன கூட்டம் விட்டுச்சென்றது சாம்பலும் கற்சில்லுகளும்தான். அவை மண்ணுக்குள் போய்விட்டன. லேசர் மண்ணைத் துளைக்காது. இலையையும் துளைக்காது. இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளித்துடிப்பு மட்டுமே நமக்கு உதவுகிறது.

லிடார் எனப்படும் இந்த லேசர் கருவி செய்வது தொலைவை அளப்பது மட்டும்தான். ஒளி ஒரு நானோவினாடியில் (நொடியை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு) சுமார் 30 செ.மீ. செல்லும். போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் ஒரு நானோவினாடி என்பது 15 செ.மீ. தொலைவு. நொடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, திரும்பிய நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகப் பதிகிறார்கள். அந்தப் புள்ளிகளின் தொகுதியைப் புள்ளிமேகம் என்கிறோம். அதில் கிடைப்பது பரப்பின் வடிவம், அதற்கு மேல் எதுவும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வேட்டையாடி வாழ்ந்தவர்கள் எங்கே தரையின் வடிவத்தை மாற்றினார்கள் என்பதே. பின்லாந்தில் கற்காலத்து வீட்டுக் குழிகள் இன்றும் காட்டுத் தரையில் ஆழமற்ற பள்ளங்களாக நிற்கின்றன. அவற்றில் வாழ்ந்தவர்கள் பயிர் செய்யவில்லை, சீல் வேட்டையும் மீனும்தான் பிழைப்பு. ஆனாலும் பாதி நிலத்துக்குள் தோண்டி வீடு கட்டினார்கள். நார்வே, சுவீடன் காடுகளில் மான் விழத் தோண்டிய பொறிக்குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. அமெரிக்காவின் லூயிசியானாவில் உள்ள பாவர்ட்டி பாயிண்ட், பயிர்த்தொழில் இல்லாத மக்கள் மண் சுமந்து கட்டிய இடம். அங்கே ஒரு மேடு 22 மீ. உயரம். ஆனால் அதன் அருகிலுள்ள ஆறு அரைவட்ட வரப்புகள் மிகத் தாழ்வானவை. அவற்றின் மேலேயே நடந்து திரிந்தவர்களுக்கு அவை தெரியவில்லை. 1950களில் வான்படத்தைப் பார்த்த பிறகுதான் அவை ஒரு திட்டத்துடன் அமைந்தவை என்று புரிந்தது. இப்போது லிடார் படத்தில் அவை துல்லியமாக நிற்கின்றன.

கிளிஞ்சல் மேடுகளும் இந்தப் பட்டியலில் சேரும். நம் வட்டாரத்தில் லேசரால் தேடத் தகுந்தவற்றில் முதலிடம் அவற்றுக்குத்தான்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நில அளவை படிக்கிறேன். ட்ரோன் லிடாரில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை புள்ளி இருந்தால் இத்தகைய இடம் தெரியும்?
— மாணவர், தெம்பனிஸ்

விற்பவர்கள் சொல்லும் புள்ளி அடர்த்தியை நம்பாதீர்கள். அது உச்சிக் கிளையில் பட்டதையும் சேர்த்த கணக்கு. உங்களுக்கு வேண்டியது தரையைத் தொட்ட புள்ளிகளின் அடர்த்தி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடர்ந்த மழைக்காட்டில் நூறு துடிப்புக்கு இரண்டு தரையை எட்டுவதாக வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 20 துடிப்பு அனுப்பினால் தரைக்கு 0.4 புள்ளி. 3 மீ. விட்டமுள்ள ஒரு குழியின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர், அதற்குள் விழுவது மூன்று புள்ளிகூட இல்லை. மூன்று புள்ளியை வைத்துக் குழி என்றும் சொல்லலாம், பன்றி கிளறிய மண் என்றும் சொல்லலாம். அதே காட்டில் 100 துடிப்பு அனுப்பினால் குழிக்குள் 14 புள்ளி விழும், வடிவம் பிடிபடத் தொடங்கும். 30 மீ. நீளமுள்ள கிளிஞ்சல் மேடென்றால் குறைந்த அடர்த்தியே போதும். பின்லாந்தின் தேசிய லேசர் அளவீடு முதலில் சதுர மீட்டருக்கு அரைப்புள்ளி அடர்த்தியில்தான் எடுக்கப்பட்டது. ஊசியிலைக் காடு மெல்லியது, வீட்டுக் குழிகளும் பெரியவை என்பதால் அதிலேயே பல குழிகள் பிடிபட்டன.

அடர்த்தியைக் கூட்டும் வழிகள்: தாழப் பறத்தல், மெதுவாகப் பறத்தல், ஒரே இடத்தை இரு திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பறத்தல். மூன்றாவதுதான் காட்டில் அதிகம் உதவும். ஒரு திசையில் மறைத்த கிளை மறுதிசையில் மறைக்காது. மரக்கூரைக்கு மேல் 40 முதல் 60 மீ. உயரம், வினாடிக்கு 4 அல்லது 5 மீ. வேகம், அடுத்தடுத்த பறப்புகளில் அளக்கும் பட்டைகளுக்கு இடையே பாதி மேற்படிவு என்று தொடங்குங்கள். செங்குத்திலிருந்து 25 பாகைக்கு மேல் சாய்ந்து போன துடிப்புகளைச் செயலாக்கத்தில் விலக்கிவிடலாம். சாய்ந்து போகும் ஒளி அதிக இலையைக் கடக்க வேண்டும், தரையை எட்டுவது அரிது.

பருவமும் உண்டு. சிங்கப்பூர்க் காட்டில் இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் கெடா, செபராங் பிறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையைக் கொட்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதுத்தளிர் விடும் முன் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும், அளவீட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டம் எந்த மாதத்திலும் அப்படியேதான் இருக்கும். அங்கே வரிசைகளுக்கு நடுவிலுள்ள பாதைகளே கதி.

பறக்கத் தொடங்கியதும், இறக்குவதற்கு முன்பும் ட்ரோனை எட்டு வடிவில் ஓட்டச் சொல்லியிருப்பார்கள். சாய்வுணரி தன்னைச் சரிசெய்துகொள்வதற்காக. நேரமில்லை என்று அதை விட்டால் பட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாத பட்டையின் ஓரம் 10 செ.மீ. உயர வரப்பாகத் தெரியும். அதைத் தொல்லியல் கண்டுபிடிப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. சரிபார்க்க, சமதளமான சாலை அல்லது கூரை ஒன்றின் குறுக்கே ஒரு மீட்டர் அகல வெட்டுமுகம் எடுத்து, இரண்டு பட்டைகளையும் வேறு வேறு நிறத்தில் பாருங்கள். ஒரே கோடாக விழ வேண்டும்.

அனுமதி பற்றி: சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். லிடார் சுமக்கும் ட்ரோன் பல கிலோ எடை, வேலைக்காகப் பறப்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் தேவை. மலேசியாவில் விமானத் துறை அனுமதி மட்டும் போதாது, வான்வழி வரைபட வேலைக்கு நில அளவைத் துறையின் ஒப்புதலும் வேண்டும். தொல்லியல் இடமென்றால் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் பொருந்தும். வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ரப்பர் இலை உதிரும் மாதத்தைக் குறிவைத்தால் முந்தைய ஆண்டே விண்ணப்பியுங்கள்.

இணையத்தில் கிடைத்த புள்ளிமேகத்தில் ஒரு கிளிஞ்சல் மேட்டைப் பார்த்தேன். மரங்களை நீக்கும் வடிகட்டியை ஓட்டியதும் மேடும் காணாமல் போய்விட்டது! எங்கே தவறு?
— வாசகர், தோ பாயோ

நீங்கள் பயன்படுத்தியது துணி வடிகட்டி என்று கடிதத்தில் குறித்திருக்கிறீர்கள். கிளவுட்கம்பேர் போன்ற இலவச மென்பொருளில் கிடைப்பது. அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் தவறு தானாக விளங்கும்.

அந்த வடிகட்டி முதலில் நிலப்பரப்பைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. பிறகு அதன் மேல் ஒரு கற்பனைத் துணியை விழவிடுகிறது. துணி எங்கே படிகிறதோ அதுதான் தரை, துணியிலிருந்து விலகி நிற்கும் புள்ளியெல்லாம் மரம் அல்லது கட்டடம். கவிழ்த்துப் போட்டால் மேடு பள்ளமாகிவிடும் அல்லவா? துணி விறைப்பாக இருந்தால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது, வாயை மூடிக்கொண்டு மேலேயே நிற்கும். மேட்டின் உச்சிப் புள்ளிகள் துணிக்கு வெகுதூரம் என்பதால் அவை மரத்தோடு மரமாக நீக்கப்படும். குழிகளுக்கு இந்த ஆபத்து குறைவு. கவிழ்த்தால் குழி மேடாகும், துணி அதன் தலையில் வந்து தொடும்.

ஆக, நிலவகையைத் தேர்ந்தெடுக்கும்போது சமதளம் என்று போடாதீர்கள். கடலோரச் சமவெளிதானே என்று எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். சரிவான நிலம் என்று போடுங்கள், துணி தளர்வாகும். துணியின் கண்ணளவை 0.5 மீ. ஆக்குங்கள். அடுத்தது விலகல் எல்லை. இயல்பாக 0.5 மீ. இருக்கும். அப்படியே விட்டால் முழங்கால் உயரப் பெரணியும் தரையென்று சேர்ந்துவிடும். 0.2 மீ.க்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். மிகவும் குறைத்தால் உண்மையான தரைப் புள்ளிகளே கழன்றுபோய் ஓட்டை விழும். ஒரே அமைப்பில் எல்லாம் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று அமைப்புகளில் ஓட்டி, மேட்டின் குறுக்கே வெட்டுமுகம் எடுத்து, நீக்கப்பட்ட புள்ளிகளைச் சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். சிவப்புப் புள்ளிகள் வளைவாக, சீராக, ஒரு மேட்டின் முதுகு போலப் படிந்திருந்தால் நீங்கள் வெட்டியெறிந்தது மரமல்ல.

மூலப் புள்ளிமேகத்தை எப்போதும் தொடாமல் வைத்திருங்கள். தரை மட்டும் தனியாகப் பிரித்த கோப்பை மட்டும் தருபவர்களிடம் மூலத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நிழல் படம் ஒன்றே போதாதா? ஏன் பலவிதப் படங்கள்?
— வாசகர், கிளமெண்டி

போதாது. லேசர் அளந்த உயரங்களின் மேல் கணினி கற்பனை வெளிச்சம் பாய்ச்சி வரைவதுதான் நிழல் படம். அந்த வெளிச்சம் வழக்கமாக வடமேற்கிலிருந்து வரும். வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் வரப்புக்கு நிழலே விழாது, அது மறைந்துவிடும். ஒளியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், இல்லையேல் வான்நோக்குக் காரணி என்ற படத்தை எடுக்கலாம். ஒரு இடத்தில் நின்று மேலே பார்த்தால் வானம் எவ்வளவு தெரியும் என்பதை அது கணக்கிடுகிறது. குழிக்குள் வானம் குறைவு, எனவே கறுப்பு; மேட்டுச்சியில் நிறைய, எனவே வெளுப்பு. சுலோவேனிய ஆய்வாளர்கள் இலவசமாகத் தரும் கருவித்தொகுப்பில் இது இருக்கிறது. 0.5 மீ. கட்டத்தில் 10 கட்டம் ஆரமும் 16 திசையும் வைத்தால் வீட்டுக் குழி அளவுள்ளவை நன்றாகத் தெரியும்.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவன், இப்போது உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் கண்டுபிடிக்காத கிளிஞ்சல் மேடுகள் இருக்குமா? எங்கே தேடுவது?
— வாசகர், உட்லண்ட்ஸ்

எங்கே தேடுவது என்பதற்கு உங்கள் ஊர்ப் பெயர்களிலேயே விடை இருக்கிறது. பெர்மாத்தாங் பாவ் போன்ற ஊர்கள் நினைவிருக்கும். மலாயில் பெர்மாத்தாங் என்றால் பழைய கடற்கரை மணல்வரம்பு. சுமார் 5,000 – 6,000 ஆண்டுகளுக்கு முன் தீபகற்பத்தின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. பிறகு கடல் பின்வாங்கப் பின்வாங்க, கரை ஒன்றன்பின் ஒன்றாக மணல்வரம்புகளை விட்டுச் சென்றது. சிப்பி பொறுக்கியவர்கள் சேற்று நிலத்தில் வாழவில்லை, வரம்பின் மேல் வாழ்ந்தார்கள். குவார் கெப்பாவும் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளியே இருக்கிறது. அங்கே 1934இல் முதல் முறையான அகழ்வு நடந்தது, 2017இல் 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது.

லேசர் உயரப் படத்தில் முதலில் மேட்டைத் தேட வேண்டாம், வரம்பைத் தேடுங்கள். நெல்வயலைவிட அரை மீட்டர், ஒரு மீட்டர் மட்டுமே உயர்ந்து, கடலுக்கு இணையாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் நீண்ட கோடுகள் தெரியும். அவற்றின் மேல் தனித்து நிற்கும் மேடுகளைக் குறியுங்கள். பின்லாந்திலும் இதே தந்திரம்தான். அங்கே பனிப்பாறையின் சுமை நீங்கிய நிலம் இன்னும் உயர்ந்துகொண்டே இருப்பதால் பழைய கரைகள் உள்நாட்டில் உயரத்தில் நிற்கின்றன. ஒரே உயரக்கோட்டில் வீட்டுக் குழிகள் வரிசையாக வந்தால் அது ஒரு காலத்துக் கரை.

குறித்த இடங்களில் பெரும்பாலானவை பொய்யாகப் போகும். மேடு என்று தெரிவது கறையான் புற்றாக இருக்கலாம், பழைய மயானமாக இருக்கலாம், வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண்ணாக இருக்கலாம். வேரோடு சாய்ந்த மரம் ஒரு குழியையும் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு மேட்டையும் உண்டாக்கும். வீட்டுக் குழிக்குச் சுற்றிலும் விளிம்பு இருக்கும், அடி தட்டையாக இருக்கும். போர்க்காலத்துப் பதுங்குகுழியின் ஓரங்கள் இன்னும் கூர்மை மாறாமல் செங்குத்தாக நிற்கும். இன்னொரு சிக்கல், இந்த வட்டாரத்திலும் சுமத்திராவின் வடகிழக்குக் கரையிலும் கிளிஞ்சல் மேடுகள் பல சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டுவிட்டன. மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருக்கலாம். மணல்வரம்பின் மேல் காரணமில்லாமல் ஒரு பள்ளம் தெரிந்தால் அதையும் விடாதீர்கள்.

முடிவு சொல்வது மண்தான். உரிய அனுமதியோடு கைத்துரப்பணம் வைத்து ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் ஓட்டுத் தூள் வருகிறதா, வெறும் மணல் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

ஈப்போ பக்கம் சுண்ணாம்புப் பாறைக் குகை ஒன்றை ஸ்கேன் செய்யும் தொண்டூழியக் குழுவில் சேர்ந்திருக்கிறோம். முக்காலியில் வைக்கும் ஸ்கேனர் கிடைத்திருக்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும்?
— தொடக்கக் கல்லூரி ஆசிரியை, பாசிர் ரிஸ்

முதலில் கண்ணாடி. குளிரூட்டிய வேனிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போவது நமக்கெல்லாம் பழக்கம். ஸ்கேனரின் சுழலும் ஆடிக்கும் அதேதான் நடக்கும். ஆடியில் படிந்த நீராவி கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், ஆனால் அந்த ஸ்கேனில் தொலைவான சுவர் முழுக்கப் புள்ளி குறைந்து, அருகிலுள்ளவை மங்கலாகப் பரவி வரும். பெட்டியைத் திறக்காமல் குகை வாசலில் முக்கால் மணி நேரம் வையுங்கள். பிறகு திறந்து, டார்ச்சை ஆடியின் மேல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பனித்திருந்தால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். காத்திருங்கள்.

முக்காலிக் கால்களை நேரே குகைத் தரையில் ஊன்றாதீர்கள். பேராக்கில் 1990களின் தொடக்கத்தில் குனோங் ருந்து குகையில் தோண்டி எடுத்த பேராக் மனிதன் சுமார் 10,000 ஆண்டுகள் அந்தத் தரைக்கடியில்தான் கிடந்தான். கூர்முனை அழுந்தினால் அடுக்கு கலங்கும். ஒரு அடிச் சதுர ஒட்டுப்பலகைகள் மூன்றைக் கையோடு கொண்டுபோய்க் கால்களுக்கு அடியில் போடுங்கள்.

அடுத்து நிலையங்கள், அதாவது முக்காலியை நிறுத்தி ஸ்கேன் செய்யும் இடங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் இடையே 5 முதல் 8 மீ. இடைவெளி. குகை வளையும் இடத்தில் இன்னும் நெருக்கமாக. அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒரே பரப்பைப் பார்க்க வேண்டும். இணைக்க வெள்ளைக் கோளங்கள் பயன்படுத்துவீர்கள். குறைந்தது மூன்று இரண்டு ஸ்கேனிலும் தெரிய வேண்டும், ஐந்து வைத்தால் ஒன்றிரண்டு மறைந்தாலும் பிழைக்கலாம். எல்லாவற்றையும் தரையில் ஒரே வரிசையாக வைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒரே கோட்டில் இருந்தால் மேகம் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்று சாயும், கணினி அதைப் பிழை என்றே காட்டாது. உயரம் மாற்றி, இடம் மாற்றி, சிதறி வையுங்கள். கடைசி நிலையத்தை முதல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே முடியுங்கள். சுற்று மூடினால்தான் சேர்ந்துகொண்டே வந்த பிழை எவ்வளவு என்று தெரியும்.

குகையைவிட்டு வெளியே வரும் முன் மடிக்கணினியில் இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, குகையின் குறுக்கே மெல்லிய வெட்டுமுகம். சுவர் ஒரே கோடாக, நிறங்கள் கலந்து வந்தால் நன்று. நீலமும் சிவப்பும் 2 செ.மீ. இடைவெளியில் இரட்டைக் கோடாக ஓடினால் எங்கோ ஒரு கோளம் நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் யாராவது பையை வைக்கும்போது இடித்திருப்பார்கள். அங்கேயே இருந்தால் அரைமணியில் சரிசெய்யலாம். சிங்கப்பூர் திரும்பிய பிறகு தெரிந்தால் மறுபயணம்தான்.

தேங்கிய நீர் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். மேற்கூரையின் பிம்பம் தரைக்குக் கீழே ஒரு பொய்க் குகையாகப் பதியும். அதைக் கையால் வெட்டி நீக்க வேண்டும். ஈரப் பாறை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மழை பெய்த மறுநாள் எடுத்த ஸ்கேனில் சொட்டு நீர் வழியும் இடமெல்லாம் ஓட்டையாகத் தெரியும். வௌவாலும் உழவாரக் குருவியும் குறுக்கே பறந்தால் காற்றில் தனிப்புள்ளிகள் மிதக்கும். தனிப்புள்ளி வடிகட்டி அவற்றை எடுத்துவிடும். வௌவால் எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும், மாணவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்பதால் நல்ல முகக்கவசம் கட்டாயம்.

சுவரில் ஓவியம் இருந்தால், தம்பூன் குகையில் இருப்பதுபோல், லேசர் மட்டும் போதாது. லேசருக்கு வடிவம் தெரியும், செங்காவியின் நிறம் தெரியாது. வண்ண அட்டையும் அளவுகோலும் வைத்துக் கேமராவில் தனியாக எடுங்கள். பாறை எங்கே உரிந்து விழுகிறது என்பதைக் காட்ட லேசர் உதவும். ஆண்டுக்கொருமுறை அதே நிலையங்களில் ஸ்கேன் செய்து இரண்டையும் கழித்தால், ஸ்கேனரின் துல்லியத்தைவிடத் தடிப்பான செதில் விழுந்த இடம் தனி நிறத்தில் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் ஆண்டின் நிலையங்களை நிலையான குறிகளோடு இணைத்துப் பதிவு செய்யுங்கள். உங்களுக்குப் பிறகு வருபவர்களுக்கு அது பெரிய உதவி.

தமிழ்நாட்டில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளையும் இதே ஸ்கேனரில் எடுக்கலாமா?
— வாசகி, செங்காங்

கருவிகளை முடியாது. முக்காலி ஸ்கேனரின் துல்லியம் சில மில்லிமீட்டர், தேரியின் கருவிகளோ விரல் நகத்தளவு. அவற்றுக்கு 0.05 மி.மீ. வரை பார்க்கும் மேசைமேல் கட்டமைப்பொளி ஸ்கேனர் (பொருளின் மேல் ஒளிக்கோடுகளைப் பாய்ச்சி வடிவத்தை அளப்பது) வேண்டும். அதிலும் வெள்ளைப் படிகக்கல் தொல்லை கொடுக்கும். ஒளி மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே புகுந்து சிதறி, கூரான விளிம்பு மழுங்கிப் பதியும். சைக்ளோடோடெக்கேன் என்ற மெழுகு போன்ற பொருளைத் தூவினால் மெல்லிய வெண்படலம் படிந்து, நாளடைவில் தானே ஆவியாகிவிடும். ஆனால் விளிம்பில் ஒட்டியுள்ள பழைய இரத்தம், தாவரப்பசை போன்றவற்றை ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் முடியுங்கள், தூவுவது அதன் பிறகு.

தேரி நிலத்தை ட்ரோனில் அளப்பது வேறு விஷயம், மிகவும் தகும். பனைமரமும் முந்திரியும்தான் நடுவில். பெரும்பாலான துடிப்புகள் தரையை எட்டும். காற்று செம்மணலை அள்ளிப்போகும் பள்ளங்களில்தான் கருவிகள் வெளிப்படுகின்றன. காற்றடிக்கும் பருவத்துக்கு முன்னும் பின்னும் அளந்து கழித்தால் எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழ்ந்தது என்று தெரியும், பொறுக்கப் போகிறவர்கள் முதலில் அங்கே போகலாம்.

என் கைப்பேசியில் லிடார் இருக்கிறது. அது உதவுமா?
— உயர்நிலைப் பள்ளி மாணவர், பொங்கோல்

சுமார் 5 மீ. வரை பார்க்கும், துல்லியம் சென்டிமீட்டர் அளவில். ஓர் அகழ்குழியின் அன்றைய நிலையைப் பதிய நல்லது. சுற்றி வரும்போது மெல்ல நழுவும், நான்கு மூலைகளிலும் நாடாவால் அளந்த புள்ளிகள் வைத்துச் சரிபாருங்கள். அதே கைப்பேசியின் கேமராவால், ஒவ்வொரு படமும் முந்தையதோடு 70 விழுக்காடு மேற்படியும்படி எடுத்து ஒளிப்பட அளவியல் (பல படங்களை ஒப்பிட்டு முப்பரிமாண வடிவம் உண்டாக்குவது) செய்தால் இன்னும் நுணுக்கம் கிடைக்கும். இங்கிலாந்தின் ஹேப்பிஸ்பர்க் கடற்கரையில் 2013இல் 8 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான காலடித் தடங்கள் வெளிப்பட்டன. சில வாரங்களில் அலை அவற்றை அழித்துவிட்டது. இன்று நமக்கு அவற்றின் முப்பரிமாண வடிவம் கிடைத்திருப்பது ஒளிப்படங்களால்தான்.

பனியுகத்தில் சிங்கப்பூரைச் சுற்றிக் கடலே இல்லையாமே? நம் கடலடியை லேசரால் தேடலாமா?
— வாசகர், ஜூரோங்

உண்மைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீ. தாழ்ந்திருந்தது. இங்கிருந்து போர்னியோவுக்கு நடந்தே போகலாம். அன்றைய கரையோர முகாம்கள் இன்று கடலுக்கடியில். ஆனால் லேசர் இங்கே உதவாது. நீருக்குள் போகும் பச்சை லேசர்கூட, வெள்ளைத் தட்டு ஒன்றை இறக்கினால் அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைப்போல் இரண்டு மூன்று மடங்குதான் எட்டும். கலங்கிய நீரில் தட்டு 2 மீ. ஆழத்தில் மறைந்தால் லேசர் 4 முதல் 6 மீ. தான் போகும்.

அங்கே ஒலியலைதான் வழி. ஜெர்மனிக்கு வடக்கே பால்டிக் கடலில் 21 மீ. ஆழத்தில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்தில் கல்வரிசை ஒன்று பல்கற்றை ஒலிமானியில் தெரிந்தது. பனிமான்களை மடக்க வேட்டையாடிகள் 10,000 ஆண்டுகளுக்கு முன் அடுக்கியது என்று 2024இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் பக்கம் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் தடிமனாக மூடிக் கிடப்பதால், வண்டலுக்குள் புகும் தாழ்அதிர்வெண் ஒலி வேண்டும்.

குழுவாகச் சில மேடுகளைக் குறித்திருக்கிறோம். வரைபடத்தைச் சமூக ஊடகத்தில் போடலாமா?
— வாசகர், அங் மோ கியோ

தயவுசெய்து போடாதீர்கள். கிளிஞ்சல் மேட்டை ஒரு மண்வெட்டி இயந்திரம் ஒரு பகலில் தின்றுவிடும். படம் மட்டும் காட்ட வேண்டுமென்றால் ஆயத்தொலைவுகளை நீக்குங்கள். சாலை வளைவு, ஆற்று வளைவு போன்ற அடையாளங்களையும் வெட்டுங்கள், அதை வைத்தே இடத்தைப் பிடித்துவிடுவார்கள். முழு விவரத்தை, மூலப் புள்ளிமேகத்தோடு, அந்த மாநிலத்தின் மரபுடைமை அலுவலகத்துக்குக் கொடுங்கள். எல்.ஏ.இசட். கோப்பாகச் சுருக்கினால் இடம் வெகுவாகக் குறையும். கூடவே ஒரு பக்கத் தாளில் நாள், கருவி, பறந்த உயரம், ஆயத்தொலைவு முறை, உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். உயரமட்டம் எழுதாத கோப்பில் பழைய கடற்கரை எந்த உயரத்தில் இருந்தது என்று பத்தாண்டு கழித்து எவராலும் சொல்ல முடியாது.